மூலக்குறிக்குள் மறைந்திருக்கும் எண்

மேல்வகுப்பிற் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் மாலை வேளைகளிற் கேட்கும் முறைப்பாடுகளுள் ஒன்று அட்சரகணிதம் பற்றியது. விடை சரியாக இருந்தும் புள்ளி குறைந்துவிட்டதே என்று பிள்ளை கலங்கும். கொப்பியைப் பார்த்தால், √50 என்ற விடையின் அருகே ‘சுருக்குக’ என்று சிவப்பு மையால் எழுதியிருக்கும். பெற்றோருக்கோ படித்தது மறந்து நெடுநாளாகியிருக்கும். இஃது ஆசிரியரின் பிடிவாதம் என்று பிள்ளை முடிவு செய்துகொள்ளும். கணிதமென்றால் காரணமற்ற கட்டளைகள் என்னும் வெறுப்பு இவ்வாறான இடங்களிலேதான் முளைக்கிறது. ஆதலால் அந்தக் காரணத்தை நாம் சற்றே ஆராய்வோம்.

50 என்பது 25 × 2. இவற்றுள் 25 நிறைவர்க்கம். அதன் வர்க்கமூலம் 5. அந்த ஐந்து வெளியே வர, இரண்டு மட்டும் மூலக்குறிக்குள் நிற்கும். ஆகவே √50 = 5√2. இவ்வாறு உள்ளே தங்கிவிடும் மூலத்தைச் சேடு என்பர். √2 ஐத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 1.41421356… என்று முடிவின்றி நீளும். கி. மு. 1800 க்கும் 1600 க்கும் இடைப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகையொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சதுரமொன்றின் மூலைவிட்டத்தின்மேல் இவ்வெண்ணை ஐந்து தசமதானங்களுக்குச் சரியாக அதிற் பொறித்திருக்கின்றனர். அத்துணை நுட்பமும் அண்ணளவே. √2 என்று எழுதினால் மட்டுமே அது முழு உண்மை.

சுருக்குவதன் பயன் கூட்டலிலே நன்கு புலப்படும். √18 + √50 எவ்வளவு? அவசரக்காரர் √68 என்பர். சுருக்கிப் பார்த்தால் 3√2 உம் 5√2 உம் ஓரினம் என்பது தெரியும். மூன்று மாம்பழமும் ஐந்து மாம்பழமும் எட்டு என்பதுபோல, விடை 8√2. தசமத்திற் பார்ப்பின் இஃது ஏறக்குறைய 11.31, √68 ஓ 8.25 அளவே. முகமூடி கழன்ற பின்னரே உறவு தெரிகிறது.

இதே குடும்பத்துத் தவறு இன்னொன்று: √(9 + 16) ஐ 3 + 4 என எழுதுவது. பெருக்கலுக்குப் பொருந்தும் விதி கூட்டலுக்குப் பொருந்தாது. √25 என்பது 5; 7 அன்று. செங்கோண மூலையுள்ள வளவில் 3 யார், பின் 4 யார் என்று ஓரமாக நடப்பவர் 7 யார் நடக்கிறார். குறுக்கே நடப்பவருக்கு 5 யாரே போதும். இவ்விரண்டும் ஒன்றாயின் குறுக்கு வழி என்ற சொல்லே நம் மொழியிற் பிறந்திராது!

பகுதியெண்ணில் மூலம் இருக்கலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. 1 ஐ 1.41421 ஆற் கையினாற் பிரித்துப் பாருங்கள், பொறுமை போய்விடும். 1/√2 ஐ √2/2 என மாற்றினால், 1.41421 இன் பாதி 0.7071 என்று மனத்தாலேயே சொல்லலாம். கணிகருவி வந்தபின் அந்தத் தொல்லை நீங்கியது உண்மையே. ஆயினும் ஒரு மாணவி √12 என்றும், மற்றவள் 6/√3 என்றும், மூன்றாமவள் 2√3 என்றும் எழுதினால், மூன்றும் ஒன்றே என்று எப்படிக் கண்டுகொள்வது? எல்லாரும் ஒரே வடிவுக்கு வந்தாலன்றோ விடைகளை ஒப்பிடலாம்!

பாதி வழியில் நிற்பதே பொதுவான குறை. √72 ஐ 3√8 என்று விட்டுவிடுவர். 8 க்குள் இன்னும் ஒரு 4 ஒளிந்திருக்கிறது. ஐயமுண்டாயின் 72 ஐ 2 × 2 × 2 × 3 × 3 என முதன்மைக் காரணிகளாகப் பிரித்து, சோடி சோடியாக வட்டமிடுக. ஒவ்வொரு சோடிக்கும் ஒருவர் வெளியே வருவார். சோடியில்லாதவர் உள்ளே இருப்பார். விடை 6√2.

இன்றைய வீட்டுப் பாடம் முடிந்ததும் √45 + √20 − √80 என்பதைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மூன்று சேடுகளும் சேர்ந்து √5 என்ற ஒரேயொரு சேடாக ஒடுங்குவதை அது தானே கண்டுபிடிக்கட்டும். பென்சிலை மட்டும் நீங்கள் கையிலெடுக்க வேண்டாம்.