பழைய கணிப்பொறியில் விளையாட்டுப் படம்



உடும்பஞ்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுக் கோரிக்கை எழுந்திருக்கிறது. பிள்ளைகள் தாங்கள் கணிப்பொறியில் ஆடும் விளையாட்டைப் படமாகப் பிடித்து, தங்கள் குரலிலேயே விளக்கமும் சொல்லி, யூட்யூபில் வெளியிட விரும்புகிறார்கள். அதற்கு "கேமிங் லேப்டாப்" வேண்டுமாம். விலை அறுபதாயிரம், எழுபதாயிரம் என்கிறார்கள். நாட்கூலியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இது சிறு தொகையன்று. வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கட்டுவோரும் உண்டு. முடியாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகவாட்டத்தைப் பார்த்து வருந்துவோரும் உண்டு.

இரண்டும் தேவையில்லை என்பதே என் கருத்து. கம்பம், போடிப் பக்கம் உள்ள நம் உறவினர் வீடுகளில், தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் சில பரணில் கிடக்கக்கூடும். அவ்வளவு எளிய கணிப்பொறியிலும், கனமில்லாத விளையாட்டாக இருந்தால், நல்ல படம் பிடிக்கலாம். ஏன் அது திணறுகிறது என்பதை மட்டும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1280, உயரத்தில் 720 புள்ளிகள், நொடிக்கு 30 படம் என்று வைத்தால், நொடிக்கு ஏறத்தாழ 2 கோடியே 76 லட்சம் புள்ளிகளைக் கணிப்பொறி கையாள வேண்டும். அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 300 ஜிபி இடம் பிடிக்கும். எனவே அதைச் சுருக்கி எழுதுகிறது. நம் தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் பெயரையும் தினமும் புதிதாக எழுதாமல், "நேற்று வந்தவர்களே இன்றும், இருவர் மட்டும் வரவில்லை" என்று குறித்தால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். படச் சுருக்கமும் பெரும்பாலும் இதே முறைதான். முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதுகிறது. ஆனால் எது மாறியது என்று தேடிக் கண்டுபிடிப்பது கடும் உழைப்பு. விளையாட்டை ஓட்டும் அதே மூளை இந்த உழைப்பையும் சேர்த்துச் சுமப்பதால்தான் பழைய கணிப்பொறி திக்கித் திணறுகிறது.

ஆகவே வழி, சுமையைக் குறைப்பதே. பிள்ளைகள் கேட்பது 1920க்கு 1080 புள்ளி, நொடிக்கு 60 படம். அது நான் மேலே சொன்ன அளவைப்போல நாலரை மடங்கு வேலை. கைப்பேசியில் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியப்போவதில்லை. 720 புள்ளியும் 30 படமும் தாராளமாகப் போதும்.

இதற்குரிய மென்பொருள் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ. 2012இல் தொடங்கப்பட்டது, முற்றிலும் இலவசம். அதன் அமைப்புகளில் "என்கோடர்" என்றொரு இடம் வரும். 2011க்குப் பிறகு வந்த இன்டெல் சில்லுகள் பலவற்றில் படத்தைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் குவிக் சிங்க். பட்டியலில் அந்தப் பெயர் தென்பட்டால் தயங்காமல் அதையே தேர்ந்தெடுங்கள். சுருக்கும் வேலை அங்கே போய்விடும். மூளை விளையாட்டை மட்டும் கவனிக்கும். அது இல்லாவிட்டால் எக்ஸ்264 என்பதை வைத்து, வேகத்தில் "சூப்பர்ஃபாஸ்ட்" அல்லது "அல்ட்ராஃபாஸ்ட்" என்று கொடுக்க வேண்டும். படம் சற்றே மங்கும். ஆனால் தடையின்றி ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் படம் வெட்டி வெட்டி வந்தால், உடனே கணிப்பொறியைத் திட்ட வேண்டாம். ஓ.பி.எஸ்.ஸில் "ஸ்டாட்ஸ்" என்றொரு சிறு சாளரம் உண்டு. பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. எனக்கோ அந்த மென்பொருளிலேயே மிகப் பயனுள்ள இடம் அதுதான். எத்தனை படங்கள் தவறின என்பதை அது மூன்று தனித்தனி வரிகளில் காட்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். "ரெண்டரிங்" வரியில் எண்ணிக்கை ஏறினால், விளையாட்டே வரைகலைச் சில்லு முழுவதையும் விழுங்குகிறது என்று பொருள். விளையாட்டின் உள்ளமைப்பில் நிழல், புல், நீர்ப்பளபளப்பு முதலியவற்றைக் குறைத்து, அதன் வேகத்தையும் நொடிக்கு 30 அல்லது 40 படம் என்று கட்டிப்போட வேண்டும். "என்கோடிங்" வரியில் ஏறினால் சுருக்கும் வேலையில் சிக்கல். படத்தின் அளவை இன்னும் குறைக்கலாம், என்கோடரை மாற்றலாம். மூன்றாவது வரி "நெட்வொர்க்". அதில் ஏறினால் கணிப்பொறி நலமாகவே இருக்கிறது, இணையம்தான் போதவில்லை. இந்த மூன்றாவது நோய்க்குப் புதுக் கணிப்பொறி வாங்கியவர்களும் இருக்கிறார்கள்! பல்வலிக்குக் கண்ணாடி போட்டதுபோல் ஆயிற்று.

நம் மலைக்கு உரிய நோய் ஒன்றும் உண்டு. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடிக்கணினியையும் அதன்மேலேயே வைத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அடியில் உள்ள காற்றுத்துளை அடைபட்டுச் சில்லு சூடாகிறது. சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலகைமேல் வைத்தாலே பாதிக் குறை தீரும். மின்கம்பியைச் செருகாமல் மின்கலத்தில் ஓட்டினாலும் வேகம் குறைவதுண்டு.

மின்சாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய மடிக்கணினியின் மின்கலமோ பெரும்பாலும் செத்திருக்கும். சாதாரண எம்.பி.4 கோப்பு, பதிவு முறையாக முடிந்த பிறகே தன் உள்ளடக்கக் குறிப்பை எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் ஒரு மணி நேர உழைப்பும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். எம்.கே.வி. வடிவில் பதிந்தால் மின்சாரம் போன நொடிவரை ஏறத்தாழ எல்லாம் தங்கும். பிறகு ஓ.பி.எஸ்.ஸிலேயே "ரீமக்ஸ்" கொடுத்து, தரம் குறையாமல் எம்.பி.4 ஆக்கிக்கொள்ளலாம்.

நேரடி ஒளிபரப்புக்கு வருவோம். நொடிக்கு 2500 கிலோபிட் வீதம் அனுப்பினால் ஒலியும் சேர்த்து மணிக்குச் சுமார் 1.2 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் ஒரு மணி நேரத்தோடு கதை முடிந்தது. மேலும் கைப்பேசி இணையத்தில் இறங்கும் வேகம் நன்றாக இருந்தாலும் ஏறும் வேகம் குறைவாக இருப்பதே வழக்கம். ஒளிபரப்புக்கு வேண்டியது ஏறும் வேகம். அதை அளந்து பார்த்து, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேட்காமல் பிட்ரேட்டை வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு நேரடி ஒளிபரப்பே வேண்டாம். பகலில் பதிந்து, தேவையற்றதை வெட்டி, இரவில் மெல்ல ஏற்றிவிடலாம். பிள்ளையின் பேச்சும் திருந்தும். வாய் தவறி வந்த சொல்லை நீக்கவும் இடம் உண்டு.

இது வெறும் அச்சமன்று. 2021 ஜூனில் பப்ஜி விளையாட்டை யூட்யூபில் ஒளிபரப்பி வந்த இளைஞர் ஒருவர், ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரின்பேரில் தருமபுரியில் கைது செய்யப்பட்டதைப் பலரும் அறிவோம். யூட்யூப் நிறுவனமும் 2025 ஜூலை 22 முதல், 16 வயது நிரம்பாதவர் தனியாக நேரடி ஒளிபரப்பு நடத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது. பெரியவர் ஒருவர் உடன் தோன்ற வேண்டும். பணம் வைத்து ஆடும் விளையாட்டின் பக்கமே போக வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் அதையும் அதற்கான விளம்பரத்தையும் தடை செய்துள்ளது. இன்னொன்று: திரை முழுவதையும் படம்பிடிக்கும்படி வைத்தால் வாட்ஸாப் செய்தியும் வங்கிக்கணக்கும்கூட ஊருக்கே தெரிந்துவிடும். விளையாட்டுச் சாளரத்தை மட்டும் பிடிக்கும்படி அமைக்கப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

எந்த விளையாட்டு என்று கேட்கலாம். கனமான துப்பாக்கி விளையாட்டைப் பழைய கணிப்பொறியில் ஓட்டுவது கழுதைமேல் கல்தூணை ஏற்றுவதாகும். சதுரங்கம் இருக்கிறதே! லீசெஸ் தளத்தில் இலவசமாக ஆடலாம். பலகையில் ஒரு காய் நகரும்போது மீதியெல்லாம் அப்படியே நிற்பதால், மேலே சொன்ன செக்ரோல் கணக்குப்படி சுருக்கும் வேலையும் மிகக் குறைவு. 2024 டிசம்பரில் குகேஷ் உலகப் பட்டம் வென்ற பிறகு சதுரங்கத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னால் கேட்க ஆளில்லாமல் போகாது. கார்ப் பந்தயம்தான் வேண்டும் என்றால் சூப்பர்டக்ஸ்கார்ட் உண்டு, அதுவும் இலவசம்.

இதில் எனக்குத் தனி அக்கறை ஒன்று உண்டு. பள்ளியில் மலையாளம், விளையாட்டில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளை, பத்து நிமிடம் தொடர்ந்து தமிழில் பேசிப் பழக இது ஒரு வாய்ப்பு. கம்பத்து மாமன் மகனும் போடி அத்தையும் பார்ப்பார்கள் என்றால் இன்னும் கவனமாகப் பேசுவான்.

மென்பொருளை நிறுவித்தர ஆள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கேரளத்து அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் "லிட்டில் கைட்ஸ்" என்னும் மாணவர் கணிப்பொறி மன்றங்கள் இயங்கி வருகின்றன. அங்குப் பயன்படுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளம். விண்டோஸ் சுமக்க முடியாத பழைய பெட்டிக்கு உபுண்டு வகையிலேயே எடை குறைந்த லுபுண்டு பொருந்தும், ஓ.பி.எஸ்.ஸும் அதில் ஓடும். மன்றப் பொறுப்பாசிரியரிடம் ஒரு மாலை நேரம் கேட்டுப் பாருங்கள். போகும்போது மடிக்கணினியின் மின்கம்பியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.