மலையிலிருந்து இறங்கும் முன் மின்சார காரை 100% சார்ஜ் செய்யலாமா? பொன்முடி செல்வோர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரள தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி மலை வாசஸ்தலம். கல்லாறு பகுதியைக் கடந்த பின், 22 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக மலையேற வேண்டும். மின்சார காரில் இங்கு செல்வோர், மலையிலிருந்து இறங்கும் முன் பேட்டரியை முழுமையாக நிரப்பாமல் இருப்பதே நல்லது. இதற்கான காரணம், லித்தியம்-அயன் பேட்டரி சார்ஜ் ஆகும் முறையில் அடங்கியுள்ளது.

இரண்டு கட்டங்களாக சார்ஜிங்

செல்போன் முதல் கார் வரை, லித்தியம்-அயன் பேட்டரிகள் பொதுவாக இரண்டு கட்டங்களாக சார்ஜ் செய்யப்படுகின்றன. முதலாவது, நிலையான மின்னோட்டக் கட்டம். இதில் சார்ஜர் ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்த, மின்கலத்தின் மின்னழுத்தம் படிப்படியாக உயர்கிறது. பேட்டரியின் பெரும்பகுதி இக்கட்டத்தில் விரைவாக நிரம்பிவிடுகிறது.

மின்கலம் அதன் உச்ச வரம்பை எட்டியதும் இரண்டாவது கட்டமான நிலையான மின்னழுத்தக் கட்டம் தொடங்குகிறது. பெரும்பாலான லித்தியம்-அயன் மின்கலங்களுக்கு இவ்வரம்பு 4.2 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட். சார்ஜர் இந்த அளவைத் தாண்டாமல் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும். மின்கலம் நிரம்ப நிரம்ப, உள்ளே செல்லும் மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். அது மிகச் சிறிய அளவை எட்டியதும் சார்ஜிங் நிறுத்தப்படுகிறது. சுமார் 80 சதவீதத்துக்குப் பிறகு சார்ஜ் ஏற அதிக நேரம் பிடிப்பது இதனால்தான்.

வரம்பை மீறினால் என்ன ஆகும்?

சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் சென்று அமர்கின்றன. இடம் குறைந்த நிலையிலும் அதிக மின்னோட்டத்தைத் திணித்தால், லித்தியம் உலோகமாக மேற்பரப்பில் படியக்கூடும். இதனால் பேட்டரியின் ஆயுள் குறையும். உள்ளே மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

இறக்கத்தில் மோட்டாரே சார்ஜர்

மலையிறக்கத்தில் மின்சார காரின் மோட்டார், மின்னாக்கியாக மாறி வேகத்தைக் கட்டுப்படுத்துவதுடன் பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது சுமார் 4 யூனிட் ஆற்றல் வெளிப்படுகிறது. இதில் உராய்வு, காற்றுத்தடை போன்றவற்றால் ஏற்படும் இழப்பு போக, எஞ்சியது பேட்டரிக்குச் செல்லும்.

ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால், அந்த மின்சாரத்தை ஏற்க அதற்கு இடம் இருக்காது. எனவே மின்கலங்களைப் பாதுகாக்க, பேட்டரி மேலாண்மை அமைப்பு மோட்டாரின் பிரேக் விசையைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கார் வழக்கம்போல் வேகம் குறையாது. முழுச் சுமையும் சாதாரண பிரேக்குகள் மீது விழுவதால், தொடர் இறக்கத்தில் அவை அதிகம் சூடேறிச் செயல்திறனை இழக்கக்கூடும்.

ஓட்டுநர்கள் செய்ய வேண்டியது

மலையுச்சியில் தங்கி சார்ஜ் செய்வோர், வாகனத்தின் அமைப்பில் வரம்பை 80 சதவீதமாக வைக்கலாம். இதனால் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரமும் வீணாகாது. பேட்டரி முழுமையாக நிரம்பிய நிலையில் இறங்க நேர்ந்தால், முதல் வளைவிலிருந்தே வேகத்தைக் குறைத்துச் செல்வது பாதுகாப்பானது.