கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை!

நீச்சல் குளத்தில் மீன் போல நீந்துகிற வாலிபர், கடலில் இறங்கியதும் திணறுகிறார். கொஞ்ச தூரம் போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஏன்?

குளத்தின் தரையில் கறுப்புக் கோடு உண்டு. அதைப் பார்த்தபடி நேராகப் போகலாம். களைத்தால் சுவரைப் பிடிக்கலாம். கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை!

"டிரையத்லான்" பந்தயத்தில் சேர விரும்புகிறவர்களுக்கு முதல் சோதனை இதுதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் செய்வது இந்தப் பந்தயம். 1974-ம் ஆண்டு அமெரிக்காவில், சான்டியாகோ நகரில் 46 பேருடன் தொடங்கியது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது. அங்கு ஒன்றரை கிலோ மீட்டர் நீந்தி, 40 கிலோ மீட்டர் சைக்கிள் ஓட்டி, 10 கிலோ மீட்டர் ஓடவேண்டும். புதியவர்களுக்கு இதில் பாதி தூரப் பந்தயங்களும் உண்டு.

90 பேர்!

விளையாட்டுதானே என்று எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த பந்தயங்களை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். திடீர் மரணம், இதயம் நின்றுபோதல், விபத்துச் சாவு என்று 135 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 90 பேருக்கு நீச்சலின்போதுதான் அது நேர்ந்தது! பெரும்பாலோர் ஆண்கள். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு, பிறகு கடலைப் பார்க்கட்டும்.

மல்லாந்து படுங்கள்

முதல் சில நிமிடங்கள்தான் கஷ்டம். அலை முகத்தில் அடிக்கும். அடியில் ஒன்றும் தெரியாது. நெஞ்சு படபடக்கும். அப்போது வேகமாக நீந்தினால் மூச்சு இன்னும் முட்டும்.

என்ன செய்வது? மல்லாந்து படுத்து மிதக்கவேண்டும். வாயை மேலே வைத்து, மெதுவாக மூச்சு விடவேண்டும். படபடப்பு அடங்கும். இந்த வித்தையை முதலில் குளத்தில் பழகுங்கள். கை வீசுவதைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

பந்தயத்திலும் இதற்கு அனுமதி உண்டு. எந்த விதமாகவும் நீந்தலாம். நிற்கும் படகையோ, மிதவையையோ பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்து முன்னேறத்தான் கூடாது. இது தெரியாமல் தத்தளிப்பவர்கள் பலர்! உதவி வேண்டுமானால் ஒரு கையை உயரத் தூக்கிக் கூப்பிடவேண்டும்.

முதலைப் பார்வை

வழி தவறாமல் இருக்க, ஏழெட்டு கை வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கிப் பாருங்கள், முதலை போல! தலை முழுவதையும் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும். கரையில் உள்ள கோபுரம், உயரமான கட்டிடம் எதையாவது குறி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மிதவை அலையில் மறைந்துவிடும்; கோபுரம் மறையாது.

இழுக்கும் நீரோட்டம்

கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பொல்லாதது. இரு பக்கமும் அலை உடையும். நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். அதுவே ஆபத்து! சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

அந்தக் கடலை அறிந்த மீனவரிடம் கேட்காமல் இறங்கவேண்டாம். தனியாகவும் இறங்கவேண்டாம். முதல் நாள் பத்து நிமிடம் போதும். கரையை ஒட்டியே நீந்தலாம். பளிச்சென்ற நிறத்தில் தொப்பி போடுங்கள். இடுப்பில் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்லும் காற்று மிதவை கிடைக்கிறது. படகுக்காரர் கண்ணுக்கு அது தூரத்திலேயே தெரியும்.

குளிர் நாடுகளில் ரப்பர் உடை அணிந்து நீந்துகிறார்கள். நம் கடலுக்கு அது வேண்டாம், வெந்துபோவோம்! கழுத்திலும் அக்குளிலும் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் போதும். உப்பு நீரில் தோல் உரசிப் புண்ணாகாது.