சில அணுக்கள் ஏன் சிதைகின்றன?



கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்னும் கடற்கரையூர் உண்டு. அவ்வூர்க் கருமணலில் இரும்பு கலந்த இல்மனைட்டும், தோரியம் கலந்த மோனசைட்டும் சேர்ந்தே கிடக்கின்றன. அந்த இரும்பணு என்றும் இரும்பணுவாகவே நிற்கிறது. தோரிய அணுவோ என்றோ ஒருநாள் தானாகவே சிதைந்து கதிர் வீசுகிறது. ஏன் இந்த வேற்றுமை?

விடை அணுவின் நடுவிலுள்ள கருவில் இருக்கிறது. அங்கே புரோட்டான், நியூட்ரான் என்னும் துகள்கள் நெருங்கிக் கிடக்கின்றன. புரோட்டான்கள் யாவும் நேர் மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. விலக்கத்தை மீறி இவற்றைப் பிணைத்து வைப்பது அணுக்கரு விசை. அது மிக வலியது. ஆயினும் அண்டையிலுள்ள துகளை மட்டுமே எட்டும். மின்விலக்கமோ கரு முழுவதும் பரவும். வகுப்பறையில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைத்தான் பற்ற முடியும். அவன் போடும் கூச்சலோ அறை முழுவதும் கேட்கும் அல்லவா? அதைப் போன்றதே இது.

ஆகவே கரு பெரிதாகப் பெரிதாக விலக்கம் ஓங்குகிறது. அதை ஈடுசெய்ய நியூட்ரான்கள் மிகுதியாக வேண்டும். கால்சியத்தில் 20 புரோட்டான்களுக்கு 20 நியூட்ரான்கள் போதும். ஈயத்திலோ 82 புரோட்டான்களுக்கு 126 நியூட்ரான்கள் வரை இருக்கின்றன. ஈயத்திற்கு அப்பால் எத்தனை நியூட்ரான்கள் சேர்ந்தாலும் நிலைபேறு இல்லை. அடுத்துள்ள பிஸ்மத் நிலையானது என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். அதுவும் மிக மிக மெல்லச் சிதைகிறது என்பது 2003-இல் தெளிவாயிற்று. 90 புரோட்டான்களைச் சுமக்கும் தோரியம் ஆல்பாத் துகளை வெளியேற்றிப் பாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. படிப்படியாக மாறி, இறுதியில் ஈயமாகி அமைதி அடைகிறது.

சிறிய கருவிலும் அளவு பிசகினால் இந்நிலை உண்டு. கரி-12 அணுவில் இருவகைத் துகள்களும் ஆறாறு, அது நிலையானது. கரி-14-இல் நியூட்ரான்கள் எட்டு. அவற்றுள் ஒன்று எலக்ட்ரானை வீசிவிட்டுப் புரோட்டானாக மாறுகிறது, கரி நைட்ரஜனாகிறது.

குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் பெருந்திரளான அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலத்தைத் திட்டமாகக் கூறலாம். அதுவே அரை ஆயுள். கரி-14-க்கு அது ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். தோரியம்-232-க்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்.

தோரியத்தைத் தீயிலிட்டாலும் அமிலத்தில் கரைத்தாலும் இக்காலக் கணக்கு மாறுவதில்லை. தீயும் அமிலமும் அணுவின் புறத்தேயுள்ள எலக்ட்ரான்களையே தொடும்; கருவைத் தீண்டா. இங்கேதான் நமது பொறுப்பு தொடங்குகிறது. அணு உலையில் பயன்பட்டுக் கழிந்த எரிபொருளில் புளூட்டோனியம்-239 உண்டு. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். கல்லணை எழுந்து ஈராயிரம் ஆண்டுகள் என்பர். அதைப்போல் பன்னிரண்டு மடங்கு காலம் கழிந்த பின்னரும் பாதி எஞ்சியிருக்கும்!

கதிரியக்கம் மாயமன்று, கருவுக்குள் நிகழும் இழுபறியின் முடிவே. காரணம் அறிந்தவர் வீணே அஞ்சார், அசட்டையாகவும் இரார். நமக்குப் பின் வருவோருக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதற்கும் அவ்வறிவே துணை.