கரண்டு பில் ரூ.3,447! மீட்டர் மேல் சந்தேகம். பிடிபட்டதோ கதவு இடுக்கு!

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. இரண்டாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடிதான்.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு நாள் காலை அந்த வீட்டில் ஒரே ரகளை.

குடும்பத் தலைவர் தனியார் கம்பெனியில் குமாஸ்தா. ஆபீசுக்குப் புறப்படும் நேரம் அவரது செல்போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். மின் கட்டணம் 3 ஆயிரத்து 447 ரூபாய்! சட்டைப் பொத்தானைப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

அதே வீட்டுக்குப் பிப்ரவரியில் வந்த பில் 893 ரூபாய்தான். நடுவில் புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. ஏப்ரலில் தவணையில் வாங்கிய ஒரு டன் ஏ.சி. எந்திரம்.

"வித்துத் தொலைச்சிடலாம்" என்று கத்தினார் குமாஸ்தா.

"உங்க அம்மாவை எங்கே படுக்க வைக்கிறது? போன வருஷம் கத்திரி வெயில்ல மயங்கி விழுந்தாங்களே, மறந்து போச்சா?" என்று திருப்பிக் கேட்டார் மனைவி.

அந்த அம்மாளுக்கு வயது 74. ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். பிளஸ்-2 படிக்கும் மகனும் அதே அறையில்தான் இரவு படிக்கிறான். எந்திரத்தை விற்கவும் முடியாது. இப்படியே ஓட்டவும் முடியாது.

குமாஸ்தாவின் சந்தேகம் முதலில் மீட்டர் மேல் விழுந்தது. அடுத்து, கீழ் வீட்டுக்காரர் மேல். "யாரோ கொக்கி போடறான்" என்று மாடிப்படியில் நின்று சத்தமாகவே சொன்னார். கைகலப்பு ஆகாததுதான் பாக்கி.

மைத்துனர் வந்தார்

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தார். மாதவரம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் எந்திரம் பார்க்கும் வேலை. வந்தவர் காபி குடிக்கும் முன்பே ஒரு காரியம் செய்தார். வீட்டில் உள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்தார். பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினார். கீழே போய் மீட்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு சிமிட்டுவது நின்று போயிருந்தது.

"மாமா, கொக்கியும் இல்லை, ஒண்ணும் இல்லை. திருடன் வெளியில இல்லை, வீட்டுக்குள்ளதான்" என்றார்.

கீழ் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பிறகு இருவரும் பில்லை விரித்து வைத்துக் கணக்குப் போட்டார்கள். பிப்ரவரியில் 340 யூனிட். ஜூனில் 660 யூனிட். யூனிட் இரண்டு மடங்கு கூட ஆகவில்லை. பணம் மட்டும் நான்கு மடங்கை நெருங்கிவிட்டது. அது எப்படி?

இந்த இடம்தான் பலருக்குத் தெரியாமல் போகிறது.

500-ஐத் தாண்டினால் ஆபத்து

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4 ரூபாய் 70 காசு. 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆக, சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகட்டும். என்ன நடக்கும் தெரியுமா? 101 முதல் 200 வரை கிடைத்த பாதிச் சலுகை பறி போகிறது. அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு கொடுக்க வேண்டும். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. பில் 2,048 ரூபாய் 40 காசு. கடைசியாக ஓடிய அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்!

600-க்கு மேல் போனால் யூனிட் 9 ரூபாய் 45 காசு. 800-க்கு மேல் 10 ரூபாய் 50 காசு. ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் 55 காசு. ஏ.சி. தின்னும் கரண்டு எப்போதும் இந்த மேல் படியில்தான் போய் உட்காருகிறது. 2025 ஜூலையில் மற்ற இணைப்புகளுக்குக் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கு உயர்வு இல்லை. அதனால் அந்த ஆண்டு ஆகஸ்டு பில்லுக்கும் இதே கணக்குதான்.

இதெல்லாம் தனி மீட்டர் வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு. சப்-மீட்டரில் குடியிருப்பவர்கள் பாடு வேறு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலை சொல்லி வாங்கிவிடுகிறார். அவர்களுக்கு இலவச 100-ம் கிடையாது. 500 கணக்கும் கிடையாது. ஒரு யூனிட் மிச்சம் என்றால் முழுசாகப் பத்து ரூபாய் மிச்சம். அவர்கள்தான் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

பக்கெட் சொன்ன சாட்சி

"திருடனைக் காட்டறேன்" என்ற மைத்துனர், அன்று இரவு ஏ.சி.யின் வடிகால் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்தார். விடிந்ததும் அளந்தார்கள். 8 லிட்டர் தண்ணீர்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று வாயைப் பிளந்தார் குமாஸ்தா.

எல்லாம் காற்றில் இருந்த ஈரம்தான். சென்னை கடலோர ஊர். இங்கே வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்கிறது. ஏ.சி. எந்திரம் காற்றைக் குளிர வைப்பதோடு நிற்பதில்லை. ஈரத் துணியைப் பிழிவது போலக் காற்றையும் பிழிகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றில் இருந்து பிழிய, கரண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு யூனிட் செலவு. 8 லிட்டர் என்றால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். அந்த வீட்டு ஏ.சி. ஓர் இரவுக்குச் சாப்பிட்டதே ஐந்து யூனிட் சொச்சம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட, சாக்கடைக்குப் போகும் தண்ணீருக்கே போய்விட்டது!

மூன்று பேர் மூச்சு விட்டு, வியர்த்து, இவ்வளவு ஈரம் வராது. மைத்துனர் அறையைச் சோதனை போட்டார். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் இடுக்கு. ஜன்னல் மேலே பழைய எக்சாஸ்ட் பேன் ஓட்டை, அடைக்காமல். உள்ளே இருக்கும் பாத்ரூம் கதவு எப்போதும் பாதி திறந்தபடி. எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் ஏ.சி.க்கு எதிரே கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தான். "சீக்கிரம் காயுது மாமா" என்று பெருமை வேறு!

காயும்தான். துண்டு, பேண்டில் இருக்கும் அத்தனை தண்ணீரையும் எந்திரம்தானே குடித்துத் துப்புகிறது?

கதவு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். எக்சாஸ்ட் ஓட்டைக்குப் பலகை. கொடி பால்கனிக்குப் போனது. இரண்டு நாள் கழித்துப் பக்கெட்டை வைத்தால் 4 லிட்டர்தான் இருந்தது.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். வேலூரிலும் மதுரையிலும் சக்கைப் போடு போடும் ஏர் கூலர், சென்னையில் ஏன் பல்லை இளிக்கிறது? அது காற்றில் ஈரத்தைச் சேர்க்கும் சாதனம். ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்றில் அதற்கு வேலை இல்லை. வெட்டிவேர் தட்டியும் மேற்கு அனல் காற்று அடிக்கும் முற்பகலில்தான் இங்கே பலன் தரும். கடல் காற்று திரும்பிய பிறகு தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். ஏ.சி. ஓடும் அறையில் அதைத் தொங்க விடுவது, ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றுகிற கதை.

18-ல் என்ன இருக்கிறது?

ரிமோட்டில் 18 என்று இருந்தது. "சீக்கிரம் குளிரட்டும்னுதான்" என்றார் குமாஸ்தா.

இது ஊர் பூராவும் நடக்கிற தப்பு. சாதாரண எந்திரத்தில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எங்கே போய் நிற்கும் என்பதில்தான் வித்தியாசம். 18 வைத்தால், மே மாதத்து மேல் மாடியில் அது நிற்கவே நிற்காது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏ.சி.களைப் போட்டதும் 24-ல் ஆரம்பிக்கும்படி செய்யப்பட்டதும் அதனால்தான். நாம்தான் ரிமோட்டை எடுத்துக் கீழே கீழே தட்டுகிறோம்.

மைத்துனர் 26-ல் வைத்தார். சீலிங் பேனை மெதுவாகச் சுழல விட்டார். பேன் அறையைக் குளிர வைக்காது; உடம்பைக் குளிர வைக்கும். ஈரம் குறைந்த அறையில் 26-ம் சுகமாகத்தான் இருக்கிறது. பாட்டி அன்று காலை வரை போர்வை கேட்கவில்லை. முன்பெல்லாம் 2 மணிக்கே கேட்பாராம்!

சரி, இந்த 'டன்' என்பது என்ன? எந்திரத்தின் எடை என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அல்ல. ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை இழுக்கும் எந்திரம் ஒரு டன். ஏ.சி. வருவதற்கு முன்பு சென்னைக்கு நிஜ ஐசே கப்பலில் அமெரிக்காவில் இருந்து வந்தது. அதை வைக்க 1842-ல் கட்டியதுதான் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்து ஐசுக்கு சுவர்கள் கனம். நம் வீட்டுச் சுவர்களோ...

மொட்டை மாடி அடுப்பு

பகல் 2 மணிக்கு அந்த மொட்டை மாடியில் செருப்பு இல்லாமல் நிற்க முடியாது. 2003 மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் பதிவானது. அவ்வளவு வேண்டாம், 38 டிகிரி வெயிலுக்கே கான்கிரீட் தளம் அடுப்பாகிவிடும். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது இரவு பூராவும் கீழே இறக்குகிறது. மேற்குச் சுவரும் அப்படியே. இரவு 10 மணிக்குத் தொட்டுப் பார்த்தால் சுடும்.

வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மாமனும் மருமகனும் மாடிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பிசின் சேர்த்து இரண்டு கோட்டு அடித்தார்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கீழ் அறையில் 2, 3 டிகிரி குறைந்தாலே பெரிய காரியம். ஒரு மழைக்காலம் போனால் வெளுத்துவிடும். வருடா வருடம் அடிக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறமாகக் கீற்றுத் தட்டி கட்டினார்கள். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பதுதான் புத்திசாலித்தனம். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான்.

சாயங்காலம் கடல் காற்று வந்ததும் ஜன்னல்களைத் திறந்து சூட்டை வெளியேற்றி, 10 மணிக்கு மூடிவிட்டு ஏ.சி.யைப் போடுகிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு டைமரில் அது தானாக நிற்கிறது. பேன் மட்டும் ஓடும்.

'கேஸ் போச்சு' பேர்வழிகள்

இந்த விவகாரத்தில் ஒரு மோசடியும் இருக்கிறது. மைத்துனர் வருவதற்கு முன், மே மாதத்தில், ஒரு மெக்கானிக் ஆசாமி வந்து எந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். "சார், கேஸ் தீர்ந்து போச்சு" என்றார். 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாங்கி ஒரு மாதமே ஆன எந்திரம்!

கேஸ் என்பது ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் காட்டாமல், அடைக்காமல் கேஸ் நிரப்புகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அந்த வீட்டில் உண்மையில் இருந்த கோளாறு வேறு. பில்டர் வலையில் கம்பளி மாதிரி தூசு. தெருவில் பள்ளம் தோண்டிய மண் அவ்வளவும் அங்கே. கழற்றிக் குழாயடியில் கழுவ ஐந்து நிமிஷம் ஆனது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். காசு கிடையாது.

வெளியே மாட்டும் எந்திரத்தின் முன்னால் அட்டைப் பெட்டி, பழைய பாய், பூந்தொட்டி எல்லாம் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. அது விடும் அனல் வெளியேற வழி இல்லாமல் திரும்பத் திரும்ப அதையே உறிஞ்சிக்கொண்டு திணறும். பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கடலோரத்துக்காரர்கள் அதன் தகடுகளையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று அரித்துவிடும். ஏ.சி.யை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது மட்டும் கூடவே கூடாது. மிச்சம் பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை, வீடே எரியும். 15 ஆம்பியர் பிளக், தனி வயர், தனி பிரேக்கர் கட்டாயம்.

12 யூனிட்டில் கோட்டை விட்டார்

ஆகஸ்டு மாதம் ரீடிங் எடுத்தார்கள். குமாஸ்தா மீட்டர் பெட்டி அருகிலேயே நின்றார்.

512 யூனிட். பில் 2,140 ரூபாய் 80 காசு.

ஜூன் பில்லைவிட 1,300 ரூபாய்க்கு மேல் குறைவு. ஆடிக் காற்றும் கொஞ்சம் கை கொடுத்தது என்பதை மைத்துனரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் குமாஸ்தாவுக்குத் திருப்தி இல்லை. 500-ல் நிறுத்தியிருந்தால் 1,805 ரூபாயோடு போயிருக்கும். 12 யூனிட்டுக்கு 335 ரூபாய் தண்டம்.

எந்த 12 யூனிட் என்று வீட்டில் விசாரணை நடந்தது. ஆடிக் கிருத்திகைக்கு வந்த விருந்தாளிகள் இரண்டு இரவு ஹாலில் படுத்திருக்கிறார்கள். "அவங்களுக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்" என்று பாட்டிதான் அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாராம். விசாரணை அதோடு கைவிடப்பட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் குமாஸ்தா டார்ச் லைட்டோடு கீழே இறங்குகிறார். மீட்டர் எண்ணைத் தினசரி காலண்டரில் குறித்துக்கொள்கிறார். போகிற வழியில் கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கமும் போடுகிறார். அவர் பில் 640-ல் நிற்கிறதாம். பக்கெட்டை இரவல் கேட்டிருக்கிறார்.