ஸ்டொப்பர் பக்கீர் அலி

அஸருக்குப் பிறகு அட்டாளைச்சேனைக் கடற்கரையில் பந்து அடிக்கிற பொடியன்களிடம், "யாரு ஸ்டொப்பர்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. கடைசியில், பேச்சுக் குறைந்த ஒருவனைப் பின்களக் காவலுக்குத் தள்ளி விடுவார்கள். அவன் தடுத்த பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. தவறவிட்ட ஒன்றை மட்டும் மஃரிப் வரைக்கும் பேசுவார்கள்.

அந்த இடத்தில் நின்றே பெயர் எடுத்தவர் நிசாம் பக்கீர் அலி. அந்தப் பெயரும் இங்கே எடுத்ததல்ல, டாக்காவில். 1980களில் ஆபஹானி கழகத்தின் வான்நீலச் சட்டையோடு பின்களம் காத்தார். அதே அணியில் பிரேமலால் என்ற இன்னோர் இலங்கையரும் ஆடினார். 1983, 1984, 1985 என்று டாக்கா லீக்கை அடுத்தடுத்து மூன்று முறை ஆபஹானி வென்ற காலம் அது. கிரிக்கெட் இன்னும் பங்களாதேஷைப் பிடித்திருக்கவில்லை. ஆபஹானிக்கும் முகமதியன் கழகத்துக்கும் ஆட்டம் என்றால் நகரமே இரண்டாகும். ஒரு மொட்டைமாடியில் நீலக் கொடி பறக்கும், அடுத்ததில் கறுப்பு வெள்ளை.

ஆடி முடித்த பின்னும் அவர் பங்களாதேஷை விடவில்லை. அங்குள்ள கழகங்களுக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். 2018இல்தான் இலங்கைத் தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

அந்த ஓகஸ்ட் 29ஆம் திகதி, நீல்பாமாரி நகரத்தில் பங்களாதேஷை இலங்கை 1-0 என்று வென்றது. மைதானத்தின் பெயர் அப்போது ஷேக் கமால். 1972இல் ஆபஹானியைத் தொடங்கியவரும் அதே ஷேக் கமால்தான். பழைய ஆபஹானிக்காரன் ஒருவன் அங்கே எதிரணியின் வாங்கில் உட்கார்ந்து வென்றதை எந்தக் கதாசிரியன் எழுதினாலும் நம்ப மாட்டோம்.

அடுத்த மாதம் டாக்காவில் தெற்காசியக் கிண்ணம். இந்தியாவிடம் 0-2 தோல்வி, மாலைதீவோடு 0-0. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 0-2 என்று தோற்றதால், புள்ளியிலும் கோலிலும் இரண்டு அணிக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. அடுத்த சுற்றுக்கு யார் என்று நாணயத்தைச் சுண்டினார்கள். அது மாலைதீவுக்கு விழுந்தது. குழு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காத அந்த அணி, இறுதியில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தோடு ஊர் போனது. இலங்கை வெறுங்கையோடு வந்தது.

துரதிர்ஷ்டம் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஒரேயொரு கோல் அடித்திருந்தால் நாணயமே தேவைப்பட்டிராது. ஸ்டொப்பர் கட்டிய அணி காக்கத் தெரிந்த அளவுக்கு அடிக்கத் தெரியாமல் போயிற்று என்பதே என் எண்ணம்.

உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றும் அப்படித்தான். 2019 ஜூனில் மக்காவுவிடம் முதல் ஆட்டத்தில் 0-1. மறு ஆட்டம் கொழும்பில். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் இலங்கைக்கு வர மக்காவு மறுத்துவிட்டது. சாய்ந்தமருதில் ஏப்ரல் 26 இரவு கேட்ட வெடிச் சத்தத்தை இந்தக் கரையோரம் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயத்தை நாங்களா குறை சொல்ல முடியும்? ஃபீஃபா 3-0 என்று இலங்கைக்குத் தீர்ப்பளித்தது. தகுதிச் சுற்றில் அவருடைய அணிக்குக் கிடைத்த கோல்கள் அந்த மூன்றும்தான், அதுவும் கடதாசியில்.

அடுத்த சுற்றில் துர்க்மெனிஸ்தானிடம் 0-2. வட கொரியா மிஞ்சியது ஒரே கோலில்; அதுவல்லவா ஸ்டொப்பரின் ஆட்டம்! பிறகு ஒக்டோபர் 10, தென் கொரியாவில் 0-8. எதிரே சொன் ஹியுங்-மின். நாலு மாதத்துக்கு முன்தான் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடியவர். அந்த எட்டைத்தான் இன்றைக்கும் தேநீர்க் கடையில் சொல்கிறார்கள். வட கொரியாவின் ஒன்றைச் சொல்ல ஒருவரும் இல்லை.

2020இல் பொறுப்பு அமீர் அலாகிச்சிடம் போனது. பக்கீர் அலி மறுபடி டாக்காவுக்குப் போனார், பங்களாதேஷ் பொலிஸ் அணிக்குப் பயிற்சி கொடுக்க.