விடை மாறாமல் நின்றால் அது சரியான விடையா?

திற்பரப்பில் கோதையாறு அகன்ற பாறையின் மேல் பரந்து வந்து சுமார் 50 அடி கீழே விழுகிறது. இத்தகைய ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரும் என்பதைக் கணினியால் கணக்கிடலாம். ஆற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் முதலில் ஊகமாக வைப்பார்கள். பிறகு அண்டைக் கட்டங்களைப் பார்த்துத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். விடை ஒரு மதிப்பை நெருங்கி நிலைபெறுவதே ஒருங்குதல். எந்தச் சுற்றில் நிறுத்துவது? முன்னதாகவே நிறுத்திவிட்டால் வெள்ளமட்டம் குறைவாகத் தெரியலாம். அதை நம்பிக் கட்டும் பாலம் மூழ்கலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

மணல் நிரப்பிய குழாயில் நீர் மெல்லக் கசிந்து செல்வதாகக் கொள்வோம். ஐந்து மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். இடக்கோடியில் நீர்மட்டம் 100 செ.மீ., வலக்கோடியில் 0. இவ்விரண்டும் மாறா. நடுவிலுள்ள மூவரும் 0 என்று தொடங்கட்டும். இடமிருந்து வலமாக, ஒவ்வொருவரும் தம் இருபக்க எண்களின் சராசரியைத் தம் எண்ணாக எழுத வேண்டும். சுற்றுக்குச் சுற்று நடு மாணவரின் எண் 25, 37.5, 43.75, 46.875 என உயர்ந்து 50-ஐ நெருங்கும்.

இனி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், விரிதாளில் 21 இடங்களுக்கு இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு வரிசை ஒரு சுற்று. நடு எண் ஒரு சுற்றுக்கு 0.1 மட்டுமே மாறும் நிலைக்கு வந்தபோதும், அது சுமார் 46-இல்தான் இருக்கும். முழு எண்ணாக்கிப் பார்ப்பவருக்கு விடை நின்றுவிட்டதாகவே தோன்றும். உண்மையில் இன்னும் 4 செ.மீ. மீதி இருக்கிறது. கட்டங்கள் கூடும்போது திருத்தம் மெதுவாக நகர்கிறது. அந்த மெதுவையே நாம் முடிவு என்று எண்ணிவிடுகிறோம்.

விடை தெரியாமலே சோதிக்க

அடுத்தடுத்த இரு எண்களின் வித்தியாசம் அங்கே செல்லும் நீரின் அளவைக் காட்டும். மேற்கண்ட நிலையில் இடக்கோடியில் வித்தியாசம் சுமார் 5.7, வலக்கோடியில் சுமார் 4.4. உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமாக இல்லை. ஆகவே கணக்கு முடியவில்லை. இரண்டும் 5 ஆகும்வரை தொடர வேண்டும்.

பொறியாளர்கள் மேலும் இரண்டைப் பார்ப்பார்கள். தேவையான அளவு, எடுத்துக்காட்டாகப் பாலத்தடியில் நீர்மட்டம், பல சுற்றுகளுக்கு நிலைத்திருக்கிறதா? கட்டங்களை இன்னும் சிறிதாக்கினாலும் அதே விடை வருகிறதா? அருவியடி போல நீர் ஓயாமல் கொந்தளிக்கும் இடத்தில் ஒரே எண் நிலைக்காது. அங்கே நீண்ட நேரச் சராசரி நிலைபெறுகிறதா என்று பார்ப்பார்கள்.

‘விடை மாறவில்லை’ என்பதும் ‘விடை சரி’ என்பதும் வேறு வேறு. கணினி தரும் எந்த எண்ணையும் பார்த்து, ‘இது முடிந்த விடை என்று எப்படித் தெரியும்?’ என மாணவர் கேட்கத் தொடங்கினால், இந்தச் செயல்பாட்டின் நோக்கம் நிறைவேறியது.